ஆர்க்கிட் செடிக்கு எந்த நீர்?

நான் 34 ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன். கடின நீர், மென்னீர் என்ற பாடத்தை ஆண்டு தவறாமல் நடத்தியிருக்கிறேன். சோப்பு நுரைக்காத நீர் எது, அதனுள் கரைந்திருக்கும் உப்புக்கள் யாவை, அவற்றுள் எவை கொதிக்க வைத்தால் நீங்கும், எவை நீங்கா என்பவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டே என் விரல்கள் தேய்ந்தன எனலாம். 2016 ஆம் ஆண்டில் நான் ஓய்வு பெற்ற நாளன்று, என் மாணவர்கள் ஓர் ஆர்க்கிட் செடியை எனக்குப் பரிசாக அளித்தார்கள். வெள்ளை நிறத்தில் ஏழு பூக்கள், வளைந்த ஒரே தண்டில் வரிசையாக நின்றன. அந்தச் செடியை நான் மூன்றே மாதங்களில் கொன்றுவிட்டேன். 34 ஆண்டுகளாகப் பிறருக்குச் சொல்லிவந்த பாடத்தை என் வீட்டுக் குழாயடியில் மறந்ததே அதற்குக் காரணம்.

என் வீடு தியாகராய நகரில் ஓர் அடுக்கு மாடிக் கட்டிடத்தில் இருக்கிறது. நாங்கள் குளிக்கவும் துவைக்கவும் பயன்படுத்துவது ஆழ்துளைக் கிணற்று நீர். அதைத்தான் செடிக்கும் ஊற்றினேன். இலைகளின் நுனி முதலில் பழுப்பாயிற்று. பிறகு வேர்கள் சுருங்கின. சட்டியின் ஓரத்தில் சுண்ணாம்பு தடவியது போல வெண்மை படர்ந்தது. அது கிருமியின் வேலையாக இருக்கலாம் என்று எண்ணினேன். இரண்டாவதாக ஒரு செடியை விலை கொடுத்து வாங்கி, அதற்குக் கைக்குழந்தைக்குத் தருவது போல நீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினேன். அதுவும் போயிற்று. காய்ச்சுவதால் கிருமி சாகும். கால்சியம் பைகார்பனேட்டு போன்ற சில உப்புக்கள் பாத்திரத்தின் அடியில் படியும். ஆனால் சாதாரண உப்பு அப்படியே இருக்கும். நீரில் ஒரு பகுதி ஆவியாகப் போய்விடுவதால், எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். பத்தாம் வகுப்பு மாணவன் சொல்லக்கூடிய இந்த விடை, இரண்டு செடிகள் மாண்ட பிறகும் எனக்குத் தோன்றவில்லை.

விடையைச் சொன்னவர் என் தமக்கையார். அவர் வசிப்பது மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு அருகில். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், சட்டியைப் பார்த்தார்; விரலால் வெண்மையைச் சுரண்டினார். "ஏன்டா, பருப்பு வேகாத தண்ணீரை வைத்துக்கொண்டு பூ வளர்க்கப் பார்க்கிறாயே! உனக்கு யார் வாத்தியார் வேலை கொடுத்தார்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. துவரம் பருப்பு எந்த நீரில் குழைந்து வேகிறதோ அந்த நீரே மென்னீர் என்பது நம் சமையலறைகளில் வேதியியலுக்கு முன்பே தெரிந்திருந்த சோதனை. கால்சியம் மிகுந்த நீரில் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் இறுகிப்போகிறது. ஆகவே பருப்பு விறைத்து நிற்கிறது.

ஆர்க்கிட் செடிக்கு நீரைப் பற்றி இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். செம்பருத்தியும் தென்னையும் அதே கிணற்று நீரில் வளர்கின்றனவே! இதற்கு விடை அச்செடியின் பிறப்பிடத்தில் இருக்கிறது. நாம் வீட்டுக்குள் வளர்க்கும் ஆர்க்கிட் இனங்களில் பெரும்பாலானவை மண்ணில் முளைப்பவை அல்ல. காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்பவை. வாண்டா என்னும் ஆர்க்கிட் இனத்தின் பெயரே, மரத்தின்மேல் ஒட்டி வளரும் செடியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து எடுத்ததுதான். ஆனால் இவை புல்லுருவிகள் அல்ல. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும், ஆர்க்கிட் மரத்தினிடம் இருக்க இடம் மட்டுமே கேட்கும். உணவுக்கும் நீருக்கும் அது வானத்தை நம்பியிருக்கிறது. கிளையின் வழியே வழியும் மழை நீர், மரப்பட்டையின் தூசையும் உதிர்ந்த சருகின் சாரத்தையும் சிறிதளவு கரைத்துக்கொண்டு வரும். அந்தச் சிறிதளவே அதற்கு விருந்து.

அந்த நீரைப் பிடித்து வைப்பதற்கு அதன் வேர் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. தாவரவியலார் அதனை வெலமென் என்பர். உயிரற்ற செல்களால் ஆன, கடற்பஞ்சு போன்ற அடுக்கு அது. உலர்ந்திருக்கும்போது வேர் வெள்ளி நிறமாகத் தோன்றும். நீர் பட்டதும் போர்வை அதனை உறிஞ்சிக்கொள்ள, உள்ளிருக்கும் பசுமை வெளியே தெரியும். ஆர்க்கிட் வளர்ப்போர் வேரின் நிறத்தைப் பார்த்தே தாகத்தை அறிவார்கள். மிகத் தூய நீரை விரைந்து பற்றிக்கொள்வதற்காக ஏற்பட்ட உறுப்பு இது. இதில் உப்பு நீரை ஊற்றினால் என்ன ஆகும்? நீரோடு உப்பும் போர்வைக்குள் புகுந்துவிடும். நீர் உள்ளே போகும், சிறிது ஆவியாகும். உப்பின் பெரும்பகுதி மட்டும் போர்வையிலேயே தங்கும். மறுமுறை ஊற்றும்போது இன்னும் சிறிது சேரும்.

என் கிணற்று நீரை அளந்து பார்த்தபோது, ஒரு லிட்டரில் ஏறத்தாழ 1,400 மில்லிகிராம் உப்புக்கள் கரைந்திருப்பது தெரிந்தது. வாரத்துக்கு அரை லிட்டர் ஊற்றினேன் என்றால், வாரத்துக்கு 700 மில்லிகிராம். பத்து வாரங்களில் 7 கிராம். இதில் ஒரு பகுதி சட்டியின் துளை வழியே வடிந்துபோகும் என்பது மெய்தான். எனினும் மிஞ்சியது தங்கியிருப்பது வயல் மண்ணில் அன்று. கைப்பிடி அடுப்புக்கரியும் நாலைந்து செங்கல் துண்டுகளும் கொண்ட சிறு சட்டியில். தென்னைக்கு ஆழமான மண் உண்டு. ஐப்பசி மழை அந்த மண்ணைக் கழுவிவிடும். சன்னல் ஓரத்துச் சட்டிக்கு ஐப்பசி வருவதே இல்லை.

உப்பு சேர்ந்தால் வேர் ஏன் சுருங்க வேண்டும் என்பதற்கு மாவடு போதும். மாசி பங்குனியில் வடுமாங்காயை உப்பிட்டு வைக்கிறார்கள். ஒரு சொட்டு நீரும் விடுவதில்லை. ஆயினும் சில நாட்களில் ஜாடியில் நீர் நிற்கிறது. வடு தோல் சுருங்கிக் கிடக்கிறது. வடுவினுள் இருந்த நீர்தான் வெளியே உப்பைத் தேடி வந்தது. மெல்லிய சவ்வு ஒன்றன் இருபுறமும் செறிவு வேறுபட்ட கரைசல்கள் இருந்தால், நீர் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குப் பெயர்கிறது. இதையே சவ்வூடு பரவல் என்று பாடநூலில் படிக்கிறீர்கள். நோலே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1748 ஆம் ஆண்டில் பன்றியின் சிறுநீர்ப் பையைக் கொண்டு இதனைச் சோதித்துக் காட்டினார். நம் பாட்டிமார் ஜாடியைக் கொண்டு காட்டிவந்தார்கள். உப்பு ஏறிய சட்டியில் ஆர்க்கிட்டின் வேர் ஊறுகாயாகிறது. சுற்றிலும் ஈரம் இருக்கிறது, செடியோ தாகத்தால் வாடுகிறது. இன்னும் தாகமாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு நாம் மேலும் ஊற்றுகிறோம். நான் ஊற்றினேன்.

இனிச் சென்னையின் நீரைச் சிறிது பார்ப்போம். தியாகராய நகர் இருக்குமிடம் ஒரு காலத்தில் ஏரி. 1923 ஆம் ஆண்டையொட்டி அந்த நெடிய ஏரியின் நீரை வடித்துவிட்டு, அந்த நிலத்தில்தான் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரால் இந்நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஏரிக்காட்சிச் சாலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு ஒரு தெரு இருக்கிறது; காண்பதற்கு ஏரிதான் இல்லை. ஏரி இருந்தவரை அது மழையைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. இன்று நாம் நூற்றுக்கணக்கான அடி துளைத்து, பாறையின் இடுக்குகளில் நெடுங்காலம் கிடந்து உப்புக்களைக் கரைத்துக்கொண்ட நீரை மேலே இழுக்கிறோம்.

மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் முதலிய கடலோரப் பகுதிகளில் கதை வேறு. அங்கே மழை பெய்து மணலில் இறங்கிய நல்ல நீர், அடியில் உள்ள கடல் நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல நீரைவிடக் கடல் நீர் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 அடி உயரம் நின்றால், கீழே 40 அடி ஆழம்வரை நல்ல நீர் இருக்கும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஒல்லாந்தரான பேடன் கைபனும், ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. இதனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், கடல் நீர் கீழிருந்து 40 அடி ஏறி வரத் தொடங்கும். பெசன்ட் நகரில் ஒரு தெருவில் இனிக்கும் கிணறு அடுத்த தெருவில் கரிப்பதன் விந்தை இதில்தான் அடங்கியிருக்கிறது.

குடிநீர் வாரியத்தின் குழாய் நீர் இவற்றைவிட நல்லது. ஆனால் அது ஒரே நீர் அன்று. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர். 1996 முதல் வரும் கிருஷ்ணா நீர். 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வரும் வீராணம் நீர். 2010 ஆம் ஆண்டில் மீஞ்சூரிலும் 2013 ஆம் ஆண்டில் நெம்மேலியிலும் தொடங்கிய நிலையங்களில் கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுத்த நீர் என்று பல உண்டு. எந்த மாதம் எது வருகிறது என்பதைப் பொறுத்து உப்பின் அளவு மாறும். என் வீட்டுக் குழாயில் அது 300 முதல் 500 வரை ஏறி இறங்கியது. குளோரின் மணம் இருந்தால் வாளியில் பிடித்து ஓரிரவு திறந்து வைத்தால் பெரும்பாலும் அகன்றுவிடும். உப்பு அப்படி அகலாது.

மாணவ நண்பர்களே, இங்கே ஒரு சொல்லை நிறுத்தி நிதானமாக நோக்க வேண்டும். சுத்திகரித்த நீர் என்கிறோம். எதிலிருந்து சுத்திகரித்தது? மனிதனுக்குப் பகை கிருமி. ஆர்க்கிட்டுக்குப் பகை உப்பு. நமக்கு ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம்வரை கரைபொருள் இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரையிலும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆர்க்கிட் வளர்ப்போரோ 100க்குள் இருந்தால் மகிழ்வர். 200 வரை ஒருவாறு ஏற்பர். 500 என்றால் முகம் சுளிப்பர். ஆகவே கடையில் ஒரு கருவி நீரைச் சுத்தம் செய்யும் என்று சொன்னால், அது இவ்விரண்டில் எந்தப் பகையை நீக்குகிறது என்று கேட்க வேண்டும்.

புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும் கருவி கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. மெழுகுவத்தி போன்ற வடிகட்டி சேற்றையும் தூசியையும் தடுக்கும்; உப்பைத் தடுக்காது. குளியலறைகளுக்குப் பொருத்தும் மென்னீராக்கி இருக்கிறதே, அது ஏமாற்றும் தன்மையுடையது. சோப்பு நுரைக்கும், பருப்பும் வேகும். ஆனால் அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைத் தந்துவிடுகிறது. செடிக்குச் சோடியம் கால்சியத்தைவிடக் கொடியது. என் தமக்கையாரின் பருப்புச் சோதனை தோற்கும் இடம் இது ஒன்றே. காய்ச்சி வடித்த நீரில் உப்பு இல்லை; மின்கலத்துக்கு ஊற்றுவதற்கென்று விற்கிறார்கள். ஒரு சட்டிக்கு வாங்கலாம்; பத்துச் சட்டிக்கு வாங்கினால் வீட்டில் பேச்சு வரும். கேனில் வரும் நீர் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அளந்து பார்த்தே ஊற்ற வேண்டும்.

உப்பை நீக்கும் வீட்டுக் கருவி ஆர்.ஓ. என்று நாம் வழங்குவதுதான். மாவடு ஜாடியைத் திருப்பிப் பிடித்தது போன்ற வித்தை அது. உப்பு மிகுந்த பக்கத்தில் அழுத்தம் கொடுத்தால் நீர் மட்டும் சவ்வைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது, உப்பு பின்தங்குகிறது. கருத்து எளியதாயினும், அத்தகைய அழுத்தத்தைத் தாங்கி, போதிய நீரையும் விடும் சவ்வு நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1960 ஆம் ஆண்டையொட்டி லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் சீனிவாச சௌரிராஜன் என்பவரும் செல்லுலோஸ் அசிட்டேட்டால் அதனைச் செய்து காட்டினார்கள். இரண்டாமவர் நம் நாட்டவர் என்று பெயரே சொல்கிறது. 1965 ஆம் ஆண்டில் கோலிங்கா என்ற சிற்றூருக்கு இம்முறையில் குடிநீர் கிடைத்தது. இன்று தியாகராய நகர்ச் சமையலறையில் சுவரில் தொங்கும் பெட்டி அதன் வழித்தோன்றல்.

2018 ஆம் ஆண்டில் வாங்கிய மூன்றாவது செடிக்கு இந்த நீரைத்தான் ஊற்றினேன். முதலில் அளந்தபோது 250 காட்டியது. பழுது பார்க்க வந்த இளைஞர், உள்ளே ஒரு சிறு திருகு இருப்பதையும், குடிப்பவர்க்குச் சுவை வேண்டும் என்று அது சிறிது கிணற்று நீரை மீண்டும் கலந்துவிடுவதையும் காட்டினார். அதனை மூடியதும் 90க்கு இறங்கியது. புதிய வேர் ஒன்று பச்சை நுனியோடு எட்டிப் பார்த்தது. பூந்தண்டும் வந்தது. என் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை.

அடுத்த கோடைதான் 2019. சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் நான்கும் ஏறத்தாழ வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரெயில் வண்டியில் நீர் கொண்டுவந்தார்கள். எங்கள் கிணறு மூச்சு வாங்கியது. லாரி நீருக்குப் பதிவு செய்துவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தோம். தெரு முனையில் நெகிழிக் குடங்கள் வரிசையாக நின்றன; அவற்றின் சொந்தக்காரர்கள் இரவு முழுவதும் படியில் அமர்ந்திருந்தார்கள். அப்போது ஒரு நாள், ஆர்.ஓ. கருவியின் கழிவுக் குழாயைக் குடத்தில் விட்டுப் பார்த்தேன். நல்ல நீர் ஒரு குடம் நிறையும் நேரத்தில் கழிவு மூன்று குடம் நிறைந்தது. அந்தக் கழிவை அளந்தேன், 1,800க்கு மேல். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இருக்க வேண்டிய அளவும் அதுவே. உப்பு எங்கும் மறைந்துவிடவில்லை. மூன்று குடத்தில் நெருக்கி அடைபட்டிருந்தது. அதாவது என் செடிக்கு நான் தந்த ஒவ்வொரு லிட்டருக்கும் மூன்று லிட்டரைப் பாழாக்கியிருக்கிறேன். வீடு மெழுகவும் கழிவறைக்கும் அதனைப் பயன்படுத்தத் தொடங்கினோம் என்றாலும் மனம் அமைதி அடையவில்லை. அதே ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், 500க்குக் குறைவாக உப்புள்ள நீருக்கு இக்கருவியைத் தடை செய்ய விதிகள் வகுக்குமாறு கூறிற்று.

கீழே குடத்தோடு நின்ற பெண்மணி ஒருவர் எங்கள் வீட்டுச் சன்னலை அண்ணாந்து பார்த்து, "பூ அழகா இருக்கு சார்" என்று சொன்னார். அவர் சொன்னதில் குத்தல் ஏதும் இல்லை. இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அன்று முதல் வாரத்துக்கு ஒரு தம்ளர் நீரோடு செடியை நிறுத்தினேன். ஈரத் துணியால் இலையைத் துடைத்தேன். ஒன்று கண்டுகொண்டேன்: ஆர்க்கிட் வறட்சியைத் தாங்கும், உப்பைத்தான் தாங்காது. தடித்த இலையில் நீரைச் சேமித்து வைத்திருக்கும் செடி அது. பூக்கள் உதிர்ந்தன, செடி உயிரோடு இருந்தது.

அந்தக் கோடையில்தான் என் தமக்கையார் தம் சிறுவயதை நினைவூட்டினார். மழை வந்தால் எங்கள் அன்னையார் முற்றத்தில் நாலு கம்பு நட்டு வெள்ளை வேட்டியைக் கட்டுவார். நடுவே ஒரு கல்லைப் போடுவார். அதன் கீழே அண்டா நிறையும். "அந்தத் தண்ணீருக்குக் கருவி ஏதடா?" என்றார் அவர். இப்போது அவருடைய பழைய வீடும் அடுக்கு மாடியாகிவிட்டது; முற்றம் இல்லை.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அரைக் கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 1,100 லிட்டர். பத்துச் சட்டி ஆர்க்கிட்டுக்கு வாரத்துக்கு 5 லிட்டர் போதும். பிப்ரவரியிலிருந்து செப்டம்பர்வரை 35 வாரங்கள் என்று கொண்டால் 175 லிட்டர். ஒரு 200 லிட்டர் பீப்பாய்! நல்ல மழை ஒன்றில் சில நிமிடங்களில் நிரம்பிவிடக்கூடிய ஒரு பீப்பாய்க்காகத்தான் நான் ஆண்டு முழுவதும் கருவியை ஓட்டிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் வாண்டா மிஸ் ஜோகிம் என்ற ஆர்க்கிட்டை 1981 ஆம் ஆண்டில் தேசிய மலராக்கினார்கள்; அங்கே எல்லா மாதமும் மழை வருவதால், வெளியே நடுவோருக்குச் சேமிக்கும் கவலை இல்லை. நமக்கு வானம் மூன்று மாதத்தில் மொத்தமாகத் தந்துவிட்டுப் போகிறது.

குழாயும் ஏற்கெனவே இருந்தது. 2003 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள் அல்லவா? பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று இதனை எடுத்துச் சொல்லிவந்த சேகர் ராகவன், 2002 ஆம் ஆண்டிலேயே மந்தைவெளியில் ரெயின் சென்டர் என்னும் நிலையத்தைத் தொடங்கி, எப்படிச் செய்வது என்று காட்டினார். எங்கள் மாடியிலிருந்து நீர் இறங்கும் குழாய் அந்தச் சட்டத்தின் பயனாகக் கிணற்றருகே ஒரு குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கிளை பிரித்துப் பீப்பாயில் விடுவதுதான் என் திட்டம்.

திட்டம் எளிது, குடியிருப்போர் சங்கத்தின் இசைவு எளிதன்று. பீப்பாயை எங்கே வைப்பது என்பது பற்றி ஒரு ஞாயிறு முழுவதும் விவாதம் நடந்தது. கொசு வரும் என்றார் ஒருவர். அவர் கூறியது உண்மை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். ஆகவே வாயில் இரட்டைத் துணி கட்டி, அதன்மேல் இறுக்கமான மூடி போட்டேன். மாநகராட்சி ஊழியர் சோதிக்க வந்தபோது திறந்து காட்டி, அவர் தலையசைத்த பிறகே சங்கமும் தலையசைத்தது. பீப்பாய் நெகிழியால் ஆனதாக இருக்க வேண்டும். செம்பும் துத்தநாகம் பூசிய தகரமும் ஆகா. மழை நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துச் சற்று அமிலத்தன்மை கொண்டிருப்பதால் அவ்வுலோகங்களைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். வெளிச்சம் புகாத நிறமாக இருந்தால் பாசி பிடிக்காது. முதல் மழை இரண்டையும் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும். அவை ஒன்பது மாதத் தூசியையும் காக்கையின் எச்சத்தையும் கழுவிச் செல்லும்.

2019 அக்டோபரில் பிடித்த நீரை அளந்தேன். 25 காட்டியது.

இங்கேயும் ஒரு தவறு செய்தேன். தூய்மை மிகுந்தால் நல்லது என்று மழை நீரை மட்டுமே ஊற்றினேன், உரமும் இடவில்லை. புதிய இலை சிறுத்து வெளிறியது. காட்டு மழை மரப்பட்டையைத் தழுவி வருகிறது, என் மழை நெகிழிக் குழாயைத் தழுவி வருகிறது என்ற வேறுபாட்டை மறந்துவிட்டேன். கால்சியமும் மெக்னீசியமும் செடிக்குச் சிறிதளவேனும் வேண்டும். இப்போது மழை நீர் மூன்று பங்கோடு வாரியக் குழாய் நீர் ஒரு பங்கைக் கலக்கிறேன். 25 அளவுள்ள நீர் மூன்று பங்கும் 400 அளவுள்ள நீர் ஒரு பங்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 120க்குச் சற்றுக் குறையும். உரத்தை உறையில் போட்டிருக்கும் அளவில் கால் பங்காக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கரைத்து விடுகிறேன். மாதம் ஒரு முறை தனி மழை நீரைச் சட்டியின் துளை வழியே ஓடும்படி ஊற்றி, தங்கிய உப்பைக் கழுவுகிறேன். குளிர் சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்தது, உப்பு இல்லை. ஆனால் செம்பு, அலுமினியச் சுருள்களின் அழுக்கையும் பூஞ்சையையும் தொட்டு வருகிறது. பீப்பாய் வறண்டால் மட்டும் அதனை நாடுவேன்.

நீங்கள் கருவி ஏதுமின்றி இதனைச் சோதிக்கலாம். சுத்தமான கண்ணாடித் தகடு ஒன்றில், மழை நீர், ஆர்.ஓ. நீர், கேன் நீர், குழாய் நீர், கிணற்று நீர் ஆகியவற்றில் ஒவ்வொரு துளி வரிசையாக விட்டு, தூசி படாமல் உலர விடுங்கள். மறுநாள் தகட்டைக் கருந்துணியின்மேல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் விட்டுச்சென்ற வளையம் தெரியும். எங்கள் வீட்டுத் தகட்டில் கிணற்று நீரின் வளையம் கட்டை விரலால் தடவினால் சொரசொரத்தது. மழை நீரின் துளி எங்கே விழுந்தது என்பதைத் தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது செடி இன்னும் இருக்கிறது. சென்ற தை மாதம் ஒன்பது பூக்கள் பூத்தது. என் தமக்கையார் மயிலாப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் கையில் ஒரு தூக்குப் பாத்திரம் கொண்டுவருகிறார். பூவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பீப்பாயில் ஒரு தூக்கு நீர் மொண்டுகொண்டு போகிறார், பருப்பு வேகவைக்க.